சத்தம் வராத ஆண்டெனா

ஆண்டெனா வேலையில் அலுமினியக் குழாய் அறுப்பது பாதி, கூரைமேல் நின்று கத்துவது மீதி. மைசூரில் ஆலை வேலை போக மிச்ச நேரத்தில் நான் செய்தது இது. கேபிள் வராத அந்த நாளில் "வந்துச்சா? இப்ப?" என்று தொண்டை கட்டியவர்கள் உங்களிலும் இருப்பார்கள். உங்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை.

தமிழ்ப் பக்கம்

மைசூர் விஜயநகரில் ஓய்வு பெற்ற தமிழர் ஒருவர் வீட்டில், உள்ளூர் நிலையத்தைப் பார்த்து ஆண்டெனாவைக் கட்டிவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை அதே நிலையம் தமிழ்ப் படம் போட்ட அன்று ஒன்றுமே தெரியவில்லை என்று ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தால் கம்பமே திரும்பியிருந்தது. அவரே ஏறித் திருப்பியிருக்கிறார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "தமிழ்ப் படம்னா தமிழ்நாட்டுப் பக்கந்தானே சார் இருக்கணும்?"

வந்துருச்சுங்க

தமிழ்நாட்டு எல்லையோரம் ராமாபுரத்து விவசாயி வேலுச்சாமியின் மகள் செல்விக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மைசூரில் அதற்கான பள்ளியில் படித்து முடித்து ஊர் திரும்பியிருந்தாள். கைமொழி தெரிந்தவர் வீட்டில் எவருமில்லை. ஞாயிறு மதியம் டிவியில் கைமொழியில் செய்தி சொல்வார்கள். அதற்காகவே பெட்டி வாங்கினார் வேலுச்சாமி. சுற்றிலும் மலை, கடை ஆண்டெனா எடுபடவில்லை. ஏழு குழாய் வைத்து ஒன்று செய்து, பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோனேன்.

நான் கூரையில் கம்பத்தைத் திருப்ப, அவர் பெட்டிக்கு முதுகு காட்டி, ஜன்னல் வழியாக "வந்துருச்சுங்க" என்றார். நட்டை முறுக்கி, டீ குடித்து, பஸ் ஏறிவிட்டேன். இறங்கி ஒரு தடவை திரையைப் பார்த்திருக்கலாம். பத்து நாள் கழித்து அவர் மனைவி ராஜாமணி மைசூருக்கே வந்து நின்றார்.

"சத்தம் கணீர்னு வருதுங்க. படம் பூராம் புள்ளி. அந்தப் புள்ளியையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. வந்துருச்சுன்னு அவரு சொன்னதும் கெளம்பிட்டீங்களே, அவளுக்கு என்னங்க வந்துச்சு?"

வாசலில் செல்வி

எனக்கு வெட்கமாக இருந்தது. படமும் சத்தமும் வருகிற அலைகளில் சிறு வித்தியாசம் உண்டு. குழாய்களைக் கொஞ்சம் நீட்டினால் படம் தேறும், சத்தம் இளைத்துப்போகும். கடைக்காரன் எவனும் அப்படிச் செய்ய மாட்டான். நான் ஏழு குழாயையும் புதிதாக, ஒரு விரற்கடை நீளம் கூட்டி அறுத்தேன்.

அடுத்த ஞாயிறு பெட்டியை வாசற்படிக்கு நகர்த்தினோம். செல்வி முற்றத்தில், திரையும் கூரையில் நானும் தெரிகிற இடத்தில் நின்றாள். நான் கத்தவில்லை. அவள் கையை மட்டும் பார்த்துத் திருப்பினேன். லேசில் ஒப்புக்கொள்கிற பெண்ணல்ல. கடைசியில் கையை உயர்த்தியவள் இறக்கவே இல்லை.

இறங்கி வந்தபோது செய்தி தொடங்கியிருந்தது. பெட்டியில் வெறும் இரைச்சல். திரையில் ஓர் அம்மாளின் கைகள் மட்டும் தெளிவாக அசைந்தன. செல்வியின் விரல்களும் கூடவே அசைந்தன. ஒன்றும் புரியாத வேலுச்சாமி, மகளின் தோளைத் தொட்டு, 'என்ன?' என்று மோவாயை உயர்த்தினார். அவள் பத்து விரலையும் மேலிருந்து கீழே இறக்கிக் காட்டினாள். மழை. அவர் என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"ஏனுங்க, இனி ஊரு ஒலகத்துல என்ன சேதின்னு நாங்க இவளத்தான் கேக்கோணுமுங்க."

என் கையால் செய்த ஆண்டெனாக்களில் பாதி வேலை மட்டும் செய்தது அது ஒன்றுதான், புகார் வராததும் அது ஒன்றுதான்.