எண்பத்தாறில் முடியும் நம்பர்

இரும்புலியூர் பக்கம் கல்யாணம் வைத்திருக்கிற வீட்டில் சுபத்ராவின் பெயர் அடிபடாமல் இருக்காது. முகூர்த்தப் புடவை எடுத்த கையோடு ஜாக்கெட் துணியைக் கொண்டுவந்து அவள் மேஜையில் போட்டுவிட்டு, "அக்கா, நீங்களே பார்த்து ஏதாவது பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தப் "பார்த்து ஏதாவது" என்பதில்தான் சுபத்ராவின் பிழைப்பு ஓடுகிறது. கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷினைக் காசிருந்தால் யாரும் வாங்கிப் போடலாம். முதுகில் மயில், கையில் அதன் தோகை என்று லேப்டாப்பில் வரைந்து, ஊசி எங்கே புறப்பட்டு எங்கே திரும்ப வேண்டும் என்று அதற்குச் சொல்லித்தர வேண்டுமே, அது அவள் வேலை. கடையில் விற்கிற ரெடிமேட் டிசைனைத் தொடவே மாட்டாள். "அதைப் போட்டா தாம்பரத்துல எல்லா பொண்ணும் ஒரே முதுகோட நிக்கும்" என்பாள்.

பதினோரு வருஷமாக வரைந்ததெல்லாம் லேப்டாப்பில் டி டிரைவில் இருந்தது. டி-யில் போட்டால் எதுவும் போகாது என்று எவனோ சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவள் அவள். இன்னொரு இடத்தில் ஒரு காப்பி எடுத்துவைக்க வேண்டும் என்று மகள் அனுப்பிரியா தலைபாடாக அடித்துக்கொண்டாள். "டி-லதான இருக்கு, எங்க போயிடும்" என்று அவள் வாயை அடைத்துவிட்டாள்.

ஆடி முடிகிற நேரம். ஆவணி முகூர்த்தத்துக்கான ஜாக்கெட்டுகள் மெஷின் பக்கத்தில் அடுக்கிக் கிடந்தன. அன்று பார்த்து லேப்டாப் தானாக ஏதோ அப்டேட் செய்துகொண்டு, அணைந்து, திரும்ப வந்தபோது நீலத் திரையில் நின்றது. நாற்பத்தெட்டு இலக்கத்தில் ஒரு சாவி கொடு என்றது. சுபத்ராவுக்குத் தெரிந்ததெல்லாம் தினமும் அடிக்கிற நாலு இலக்கம். அதை அடித்தாள். பிறகு கோபமாக ஒரு தரம் அடித்தாள். அது அசையவில்லை.

முடிச்சூர் ரோட்டில் லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஏசுதாசனிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவன் எதையெதையோ தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"விண்டோஸ் அடி வாங்கிடுச்சுக்கா. புதுசா ஏத்தணும்."

"தாராளமா ஏத்துங்க. சி டிரைவ்ல எனக்கு ஒண்ணுமே இல்ல. என் சாமான் எல்லாம் டி-ல இருக்கு."

"அங்கதான் இடிக்குது. டி-யும் பூட்டியிருக்கு. சாவி இல்லாம நான் புதுசா ஏத்தினா, டி-ல இருக்கறத அப்புறம் யாராலயும் திறக்க முடியாது."

"நான் எதையும் பூட்டலையே தம்பி."

"இப்ப வர்ற லேப்டாப் எல்லாம் தானாவே பூட்டிக்குதுக்கா. திருடன் தூக்கிட்டுப் போனாலும் உள்ள இருக்கறத பாக்கக் கூடாதுன்னு."

"லேப்டாப்பத் திருடிட்டுப் போய் எவன் தம்பி மயிலு பாக்கப் போறான்? சொந்தக்காரிய வெளிய நிக்க வச்சுட்டு, வராத திருடனுக்குப் பூட்டாம். இத கண்டுபிடிச்சவன் மட்டும் என் கைல கிடைச்சான்னா."

சாவி அவளுடைய இணையக் கணக்கில் இருக்கும் என்றான் ஏசுதாசன். அப்படி ஒரு கணக்கு இருப்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும். பாஸ்வேர்டு தெரியாது. போனுக்கு ஓடிபி அனுப்பித் திறக்கலாம், எண்பத்தாறில் முடியும் நம்பருக்கு அனுப்புகிறோம் என்று திரை சொன்னது. சுபத்ராவின் நம்பர் எண்பத்தாறில்தான் முடியும். அப்பாடா என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஓடிபி வரவில்லை. மறுபடி அனுப்பச் சொன்னாள். டவர் இல்லை என்று கடை வாசலுக்குப் போய் ஜிஎஸ்டி ரோட்டுப் பக்கம் போனைத் தூக்கிப் பிடித்தாள். சிம்மைக் கழற்றித் துடைத்துப் போட்டாள். ஏசுதாசன் அனுப்பிக்கொண்டே இருந்தான். கடைசியில் அந்தத் தளம், நிறைய தடவை கேட்டுவிட்டீர்கள், நாளைக்கு வாருங்கள் என்று கதவைச் சாத்தியது. மறுநாளும் அதே கூத்து. வீட்டில் கணவன் தினகரன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "பேசாம எல்லாத்தையும் மறுபடி வரைஞ்சிடேன், அதான் உனக்கு மனப்பாடமாச்சே" என்றார். பதினோரு வருஷத்தை ஒரு கவளத்தில் முடித்துவிட்ட அந்த மனுஷனோடு பேசி என்ன ஆகப்போகிறது என்று அவள் அன்று இரவு அவருக்கு மோர் ஊற்றவில்லை.

மூன்றாம் நாள் காலை பல் துலக்கும்போதுதான் பொறி தட்டியது. லேப்டாப்பை வாங்கி வந்து, இணையக் கணக்கு ஆரம்பித்து, எல்லாம் செய்து கொடுத்தவன் தம்பி உதயா. அவன் நம்பரும் எண்பத்தாறில்தான் முடியும். ஞாபகம் வைத்துக்கொள்ள வசதி என்று அக்காவுக்கும் தனக்கும் ஒரே மாதிரி முடிகிற நம்பராகக் கடையில் தேடி வாங்கியவனும் அவன்தான். ஓடிபி எல்லாம் அனகாபுத்தூரில் போய் இறங்கியிருக்கிறது. சுபத்ரா வாயில் நுரையோடு அப்படியே நின்றாள்.

உதயாவோடு அவளுக்குப் பேச்சு இல்லை. போன வருஷம் அனுப்பிரியா கல்யாணத்தில் வந்த வினை. பத்திரிகை டிசைன் நன்றாக வந்த குஷியில், லேப்டாப்பிலிருந்தே வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் ஒரே தட்டாகத் தட்டிவிட்டாள். அந்த எல்லோரில் உதயாவும் இருந்தான். தாய்மாமனுக்கு முதல் பத்திரிகை தட்டில் வெற்றிலை பாக்கோடு நேரில் போக வேண்டும். பால்காரருக்கு வந்த அதே நிமிஷத்தில் அவனுக்கும் போனில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை அவள் தட்டோடு போனபோது உதயா வீட்டில் இல்லை என்று சொல்லச் சொல்லிவிட்டு உள்ளேதான் இருந்தான். கல்யாணத்துக்கு வரவில்லை. மாமன் சீருக்குப் பெரியப்பா மகன் ஒருவன் வந்து நின்றான். மணவறையில் அனுப்பிரியா வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததை சுபத்ராவால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

இப்போது அவனிடம் போய் நிற்க வேண்டும். சாவி கிடைத்தால் சரி, இல்லையென்றால் சாயங்காலம் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றிவிடுகிறேன் என்று ஏசுதாசன் சொல்லிவிட்டான். போனில் கூப்பிட அவளுக்கு நா எழவில்லை. காலை ஷிப்டில் உதயா மறைமலை நகர் பேக்டரியில் இருப்பான், அவன் பொண்டாட்டி புஷ்பத்திடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டு ஸ்கூட்டியை எடுத்தாள். பல்லாவரம் சிக்னலில் வெயில் மண்டையைப் பிளந்தது. பம்மல் தாண்டும் வரைக்கும் லேப்டாப் கம்பெனியை, தம்பியை, தன்னை என்று வரிசையாகத் திட்டிக்கொண்டே போனாள்.

கதவைத் திறந்தது உதயா. லுங்கியோடு, கையில் போனோடு நின்றான்.

"நீ கம்பெனிக்குப் போகல?" என்றாள். ஒரு வருஷம் கழித்துப் பேசுகிற முதல் வார்த்தை இதுவா என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"போகல. வூட்டுக்கு வழி ஞாபகம் கீது போல."

"நக்கல் பண்ணாத. எனக்கு ஒரு ஓடிபி வேணும்."

"வந்துகினே கீது, முந்தாநேத்துலேர்ந்து. ஒரு வாய் சோறு துன்ன வுடல. இன்னா பேஜாருக்கா இது? ஒருத்தர் இத்தினி தடவயா கேப்பாங்க?" போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். வரிசை வரிசையாக எண்கள் கிடந்தன.

"தெரிஞ்சுதுல்ல? ஒரு போன் பண்ணிச் சொன்னா கிரீடம் இறங்கிடுமா?"

"எப்படிப் பண்றது? நீதான் என்னை பிளாக் பண்ணி வச்சிகிறியே."

சுபத்ரா அதை மறந்தே போயிருந்தாள். கல்யாணத்தன்று ராத்திரி அழுதுகொண்டே செய்த வேலை.

"நேர்ல வந்து குடுக்கறதுன்னாலும், பத்து நிமிஷத்துல அது செத்துப்போயிடுது. பல்லாவரம் சிக்னல்லயே ஆயுசு முடிஞ்சிடும். புஷ்பம் போன்லேர்ந்து வாட்ஸ்அப்ல அனுப்பலாம்னா, அப்புறம் நீ சொல்லுவ, நேர்ல வராம வாட்ஸ்அப்ல அனுப்பிட்டான்னு."

"நான் அப்படிச் சொல்ற ஆளு இல்ல. அதுக்குன்னு ஒருத்தன் இருக்கான்" என்றாள் அவள். உதயா ஃபேனைப் போட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

ஏசுதாசனைப் போனில் பிடித்தாள். அவன் அங்கே அனுப்ப, இங்கே உதயாவின் போன் சிணுங்கியது. அவசரத்தில் நேற்று வந்த எண்ணைப் படித்துத் தொலைத்தான். தப்பு என்று வந்தது. "கண்ணு எங்கடா வச்சிருக்க" என்று அவள் போனைப் பிடுங்கித் தானே புது எண்ணைப் படித்தாள். அந்தப் பக்கம் கணக்கு திறந்தது. பிறகு ஏசுதாசன் நாற்பத்தெட்டு இலக்கத்தையும் முணுமுணுத்தபடி அடிக்கிற சத்தம் கேட்டது. சுபத்ரா தம்பியின் தோளைப் பிடித்திருந்ததை அவளே கவனிக்கவில்லை.

"டி டிரைவ் திறந்துடுச்சுக்கா. மயிலு, அன்னம், எல்லாம் பத்திரமா இருக்கு. இத வெளிய எடுத்து வச்சிட்டு விண்டோஸ் ஏத்திடறேன்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு புஷ்பம் நீட்டிய டீயை வாங்கினாள்.

"நல்லவேளை அண்ணி, இன்னிக்காவது வந்தீங்க" என்றாள் புஷ்பம். "முந்தாநேத்து வார லீவு. அப்பதான் அந்த மெசேஜ் வர ஆரம்பிச்சுது. நேத்துலேர்ந்து இவரு வேலைக்கே போகல. கம்பெனில போனை கேட்லயே வாங்கி லாக்கர்ல வச்சிடுவாங்க இல்ல. அக்கா வந்து கேக்கற நேரம் போன் கைல இல்லன்னா இன்னா பண்றதுன்னு சம்பளம் புடிச்சாலும் பரவாயில்லன்னு லீவு போட்டுட்டாரு. குளிக்கப் போனாக்கூட போனை என்கிட்ட குடுத்துட்டுத்தான் போறாரு."

உதயா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். "அறிவு இருக்காடா உனக்கு" என்று ஆரம்பித்தாள் சுபத்ரா. டீயைக் கீழே வைத்துவிட்டு, தன் போனை எடுத்து அவனை பிளாக்கிலிருந்து எடுத்தாள்.

ஏசுதாசன் இன்னும் லைனில் இருந்தான். "அக்கா, கையோட அந்தக் கணக்குல ஓடிபி நம்பர மாத்தி உங்க நம்பரையே போட்டுடட்டுமா? இனிமே இந்தத் தொல்லை இருக்காது."

"வேணாம் தம்பி" என்றாள் சுபத்ரா. "அவன் நம்பரே இருக்கட்டும்."