கைக்குப் பதில் துண்டு

சடுகுடுவில் பிடிக்கிற ஆட்டம் கெட்டுப்போனதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். பையன்கள் முன்போல் களி தின்பதில்லையாம், உடம்பில் வலு இல்லையாம். பாடிப் போகிறவனுக்குத்தான் விசில், பிடிக்கிறவனை யார் பார்க்கிறார்கள் என்கிறார் இன்னொருவர். இதையெல்லாம் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் ஊரில் அது எப்படிக் கெட்டது என்று எனக்குத் தெரியும்.

ஐம்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு நடந்தே போய்வரும் தூரத்தில் இருந்தது எங்கள் ஊர். ஊர் வேறு, எங்கள் சேரி வேறு. நடுவில் ஓடை. அந்தப் பக்கம் நிலம் வைத்திருந்தவர்கள், இந்தப் பக்கம் அந்த நிலத்தில் பாடுபட்டவர்கள். நான் புளி உலுக்குகிறவன். மரமேறி ஒரு கையால் கிளையைப் பற்றிக்கொண்டு மறுகையால் கொக்கிக்கோலை வீசி உலுக்க வேண்டும். மாசி பங்குனியில் உலுக்கினால்தான் மற்ற மாதங்களில் என் வீட்டில் அடுப்பு எரியும். எனக்கு நிலம், மாடு எல்லாமே இந்த இரண்டு தோள்கள்தான்.

ஊர் அணியில் எங்கள் சேரியிலிருந்து இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். பெரிய மனசு ஒன்றும் இல்லை. மத்தூர்க்காரர்களிடம் தோற்றுத் தோற்று மானம் போயிருந்தது. மரமேறுகிறவன் பிடித்தால் விடமாட்டான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

என்னை ஓரத்தில் நிறுத்தினார்கள். அந்த ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எதிரணிக்காரன் மூச்சை விடாமல் பாடிக்கொண்டு வருவான். நாங்கள் ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்துச் சங்கிலியாக நிற்போம். ஓரத்தில் இருப்பவன் பாய்ந்து அவன் கணுக்காலைப் பிடிக்க வேண்டும். பிடித்த அதே நொடியில் பக்கத்தில் இருப்பவன் என் மணிக்கட்டை விடாமல் சுற்றி வந்து நடுக்கோட்டுக்கும் அவனுக்கும் இடையில் சுவராக நிற்க வேண்டும். சுவர் வந்துவிட்டால் வந்தவன் திரும்பிப் போக முடியாது. வரவில்லை என்றால், காலைப் பிடித்தவனை அவன் நாயை இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டு போவான். இதைக் கேழ்வரகு அறுத்த வயலில் சாயங்காலம் தவறாமல் பழகினோம். கையைக் கோத்துக்கொண்டு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று நடந்துகொண்டே இருப்போம். பார்க்க ஒரு ஈ காக்கை வராது.

எனக்குப் பக்கத்தில் நின்றவர் அணித்தலைவர். பெரிய வீட்டுப் பிள்ளை. அவர்கள் மரங்களில்தான் நான் புளி உலுக்கினேன். பழகி முடித்ததும் ஊர்ப் பையன்கள் கிணற்றில் தலைமுழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் போவார்கள். வேர்வைக்குக் குளிக்கிறார்கள் என்று நாங்கள் சேரிக்காரர்கள் இருவரும் எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். அப்படியே இருந்திருந்தால்கூட நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். இரண்டு வருஷம் எங்கள் சங்கிலியை யாரும் அறுக்கவில்லை.

பிறகு ஊருக்குள் என்ன பேச்சு வந்ததோ, ஒரு சாயங்காலம் அவர் ஒரு துண்டைக் கொண்டுவந்தார்.

"கை வேர்த்து வழுக்குதுடா. ஆளுக்கு ஒரு மொனையப் புடிச்சிக்கலாம்."

"துண்டு தொளதொளன்னு இருக்குமேங்க சாமி."

"முறுக்கிப் புடி. எல்லாம் இருக்கும்."

அவருடைய இன்னொரு கை, பக்கத்தில் நின்ற ஊர்ப் பையனின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. அந்தக் கை மட்டும் வேர்க்கவில்லை போலிருக்கிறது.

அதற்குப் பிறகு பழகுவது குறைந்தது. துண்டைப் பிடித்துக்கொண்டு எதைப் பழகுவது? ஊர்ப் பையன்கள் ஒவ்வொருவராகப் பாடிப் போக ஆரம்பித்தார்கள். பாடிப் போகிறவன் தனியாகப் போய்த் தனியாக வருகிறான், யார் கையையும் பிடிக்க வேண்டியதில்லை. அங்கே எதிரணியில் நிற்பவன் எந்தச் சேரிக்காரனாக இருந்தாலும் தொட்டால் புள்ளி. சொந்த அணிக்காரனைத் தொட்டால்தான் தீட்டு. இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. என்னோடு சேரியிலிருந்து வந்தவனுக்கு விளங்கிவிட்டது. கோலார் தங்கவயலுக்குப் பிழைக்கப் போய்விட்டான். நான் போகவில்லை, எனக்கு அந்த ஆட்டம் பிடித்திருந்தது.

தை மாதம் சந்தைத் திடலில் ஓசூர்ப் பக்கத்து அணியோடு ஆட்டம். மாடு வாங்க வந்தவர்கள், மிளகாய் விற்க வந்தவர்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். எதிரணிப் பக்கமிருந்து உயரமான ஒருவன் பாடி வந்தான். காலை என் பக்கம் நீட்டினான். பாய்ந்து வலது கையால் கணுக்காலைப் பிடித்துவிட்டேன். நல்ல பிடி. இடது கையில் துண்டு இருந்தது. மறுமுனையில் சுவர் வருகிறது என்று நம்பினேன்.

துண்டு இலேசாகிவிட்டது. அவர் விட்டுவிட்டார். உயரமானவன் முழு வேகத்தில் திரும்பியதும் ஒதுங்கி நின்றுவிட்டார் என்று பார்த்தவர்கள் பிறகு சொன்னார்கள். அவன் கோட்டை நோக்கி இழுத்தான். நான் விடவில்லை, மண்ணில் தேய்ந்துகொண்டே போனேன். அப்புறம்தான் எங்கள் ஆட்கள் ஓடிவந்து விழுந்தார்கள். அவர்கள் அவன் மேல், அவன் என் தோள் மேல். உள்ளே மட்டை முறிவதுபோல் ஒரு சத்தம் எனக்குக் கேட்டது.

புள்ளி எங்களுக்குத்தான். விசில் பறந்தது. எல்லோரும் எழுந்துவிட்டார்கள், என்னால் முடியவில்லை. வலது கை என்னுடையதாகவே இல்லை. எங்கள் அணிக்காரர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருவரும் குனியவில்லை.

அணித்தலைவர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "இவங்க ஆளுங்க யாராச்சும் சந்தையில இருக்காங்களா பாருடா. தூக்கிக்கினு போகட்டும்."

ஆள் தேடிப் போனார்கள். நான் மண்ணில் கிடந்தேன். என்னை இழுத்துக்கொண்டு ஓடிய அந்த உயரமானவன்தான் திரும்பி வந்து என் அக்குளில் கைகொடுத்து உட்கார வைத்தான். "லெய் அண்ணா, மெல்லகா லெய்" என்றான். தெலுங்கில் மெதுவாக எழுந்திரு என்கிறான். என்னை இடுப்போடு அணைத்து நடத்திக்கொண்டு போனான். நான் எந்தப் பக்கத்து ஆள் என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் தூக்கியிருப்பான் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். அவன் என்னைக் கேட்காமல் விட்டது நல்லது.

கட்டுப் போடுகிறவர் முட்டையும் மூலிகையும் வைத்து இறுக்கினார். எலும்பு கூடியது, ஆனால் கை காதுக்கு மேலே எழும்பவில்லை. அந்த மாசியில் என் பெண்டாட்டி கூடையோடு போய் அடுத்தவன் உலுக்கிய புளியைப் பொறுக்கினாள். நான் மரத்தடியில் உட்கார்ந்து ஓடு உடைத்தேன்.

அடுத்த தை நெருங்கும்போது அணித்தலைவர் ஓடைக்கரையில் நின்று குரல் கொடுத்தார். என் தம்பியை ஓரத்தில் நிறுத்த வேண்டுமாம்.

"அவன் கையப் புடிப்பீங்களா சாமி?" என்றேன்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "வாய் நீளுதுடா உனக்கு" என்றார்.

"கைதாங்க நீளல."

அவர் போய்விட்டார். அடுத்த பருவத்தில் அவர்கள் மரத்தடியில்கூட எங்களுக்கு வேலை இல்லை என்றாகிவிட்டது. அணியில் அந்த வருஷம் எல்லோரும் பாடிப் போகிறவர்கள். எதிரணியில் யார் வேண்டுமானாலும் உள்ளே வந்தார்கள், தொட்டார்கள், போனார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் எல்லா ஊரிலும் தோற்றார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொண்டு ஒரு கிளையைக்கூட உலுக்க முடியவில்லை.