மக்கள் கருத்து: திருப்தி

சர்க்கார் பிரசார வேனில் ஊர் ஊராகப் படம் காட்டுகிறவனுக்கு மரியாதை தினமும் கிடைக்கும். வேலை மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீட்டித்தால்தான் உண்டு. தற்காலிக உத்தியோகத்தில் குப்பை கொட்டியவர்களே, அந்தக் கடைசி வாரத்தில் சோறு எப்படித் தொண்டையில் இறங்கும் என்று உங்களுக்குத் தெரியாததா? ஒவ்வொரு ஊரிலும் படம் முடிந்ததும் நான் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் ‘மக்கள் கருத்து’ என்று ஒரு கட்டம். வேலை போய்விடுமே என்று எல்லா ஊருக்கும் ‘திருப்தி’ என்றே எழுதிவந்தேன்.

தலைப்பாகை மேஸ்திரி

புதுவாயலில் அணைக்கட்டுப் படம் போட்டேன். ஆயிரம் பேர் மண் சுமக்கிறார்கள். தலைப்பாகை கட்டிய மேஸ்திரி ஒருவர் கைநீட்டி வேலை வாங்குகிறார். படம் முடிந்ததும் ஏழெட்டு ஆட்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். மழை பொய்த்து, வயல் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தவர்கள். அணை வடக்கே எங்கேயோ இருக்கிறது, அது பழைய படம் என்று எவ்வளவோ சொன்னேன். ஒருவரும் கேட்பதாக இல்லை.

“அத்த வுடு சார். அந்தத் தலப்பா மேஸ்திரி ஊடு எங்க கீது, அத்த மட்டும் சொல்லு. நாங்க நடந்தே பூடறோம்.”

சிக்கனம்

அப்புறம் அன்னியச் செலாவணி நெருக்கடி வந்தது. புதுத் தொழிற்சாலைகள் தள்ளிப்போகும், அதுவரை எல்லாரும் சிக்கனமாக இருங்கள் என்று மைக்கில் சொல்லும்படி உத்தரவு. பழவேற்காட்டில் அரைமணி நேரம் பேசினேன். கவலைப்படாதீர்கள் என்று முடித்தேன். முன்வரிசையில் இருந்த ஜவுளிக்கடை பாய் எழுந்தார். கடையில் இருந்த இரண்டு ஆட்களை அந்த வாரம்தான் அவர் நிறுத்தியிருந்தார்.

“தம்பி, வாங்க ஆளு இல்லாம பாதிக் கடைய மூடிக்கினு குந்திகீறேன். இன்னும் சிக்கனமா இருன்னா, மீதியையும் மூடச் சொல்றியா?”

மைக்கை அணைத்துவிட்டுப் படிவத்தை எடுத்தேன். அன்றைக்கு மட்டும் கட்டத்தில் ‘வேலை கேட்கிறார்கள்’ என்று எழுதித் தொலைத்தேன்.

உத்தரவு

அதற்குப் பிறகு தூக்கம் போயிற்று. பத்து நாள் கழித்துத் திருவள்ளூர் ஆபீசில் கூப்பிட்டு, வேலை முடிந்தது என்று காகிதத்தைக் கொடுத்தார்கள். புதுவாயல் ஆட்களின் முகம்தான் நினைவுக்கு வந்தது. நான் எழுதிய கருத்தால்தானா என்று அதிகாரியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் மூலையில் கட்டுப் பிரிக்காமல் கிடந்த என் படிவங்களைக் காட்டினார்.

“அதையெல்லாம் யாருய்யா படிச்சா? சிக்கனம்னு உத்தரவு வந்திச்சு, முதல்ல உன் வேனை நிறுத்திட்டோம்.”

ஊர் ஊராகச் சிக்கனம் போதித்தேன்; என் பேச்சைக் கேட்டு நடந்தது சர்க்கார் மட்டும்தான்.