தலைகீழாக மாட்டிய ஒன்பது

எஸ்தர் அக்காவின் பாட்டை நிறுத்தியவன் நான்.

போன ஞாயிறு ஊரப்பாக்கம் சபையில், திரையில் தவறான பாட்டு வந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. பத்து வயதில், செங்கல்பட்டு தேவாலயத்தில், பாடவேண்டிய பாட்டின் எண்ணைக் காட்டும் பலகையில் எண் அட்டைகளை மாட்டுவது என் வேலை. வார்னிஷ் வாசனை விரல்களில் ஒட்டிக்கொள்ளும். பாட்டு நடத்தப் பழகிக்கொண்டிருந்த எஸ்தர் அக்கா, "உன் தொண்ட தவளத் தொண்டடா, பின்னால நில்லு" என்று என்னைப் பின்வரிசைக்குத் தள்ளினாள். அவள் முதன்முதலாக நடத்திய கல்யாண ஆராதனையில் வேண்டுமென்றே ஒன்பதைத் தலைகீழாக மாட்டினேன். பத்தொன்பது பதினாறானது. பதற்றத்தில் அவள் அதையே அறிவிக்க, மணமக்கள் முன்னால் சபை, சாவுக்குப் பாடும் அடக்கப் பாட்டைத் தொடங்கியது. போதகர் அவளை அதன்பின் நடத்த விடவில்லை.

நேற்று அவள் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

"இன்னாடா ஒளர்ற? பலகையில கரீட்டாத்தான் இருந்துச்சு. நான்தான் பயத்துல மாத்திச் சொல்லிட்டேன்."

"இல்லக்கா, நான்தான் திருப்பினேன்."

"தப்பே பண்ணாதவன எப்டிடா மன்னிக்கிறது? டீயக் குடி."

தெரிந்தே என்னைக் காப்பாற்றுகிறாளா, இத்தனை வருஷமும் தன்னையே நொந்துகொண்டாளா? எனக்குப் புரியவில்லை.

"ஒரு வரி பாடுக்கா" என்றேன்.

"வேணாம்டா, மறுபடியும் தப்பாயிடும்" என்றாள்.