தோர்ண்டன் ஹீத்தில் பத்தொன்பது டிகிரி

வாசலில் பனி உறைந்து கிடக்கிறது. சுவர்களின் உட்புறம் குளிர் தடுக்கும் பலகை பதித்த பிறகு லண்டனின் இந்த வீடு எவ்வளவு சூட்டைத் தக்கவைக்கிறது என்று அளக்கக் கோவையிலிருந்து வந்திருக்கிறேன். போன வாரம் கூடத்தில் வைத்த வெப்பமானி இப்போது சாமித்தட்டில், எரியும் விளக்கருகே இருக்கிறது. இருபத்தாறு காட்டுகிறது. ஒரு வார அளவும் வீண்!

"பத்திரமா இருக்கட்டும் எண்டுதான் அங்கை வச்சனான், தம்பி," என்கிறார் வீட்டுக்கார ரஞ்சி அக்கா.

பல்லைக் கடித்துக்கொண்டு கருவியைக் கூடத்துக்கே கொண்டுவந்து ஒரு மணி நேரம் காத்திருக்கிறேன். பத்தொன்பது.

"ஹீட்டரை எப்போ அணைச்சீங்க?"

"நேற்றுப் பின்னேரமே நிப்பாட்டிப்போட்டன். பிறகு தேவைப்படேல்லை."

ஜெயித்துவிட்டோம்! துள்ளிக் குதிக்காத குறை. அப்போதுதான் கவனிக்கிறேன், இந்த ஜனவரிக் குளிரில் அக்கா சாக்ஸ்கூட இல்லாமல் வெறுங்காலோடு நிற்கிறார்.