ஒரு கட்டம் தள்ளி

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நான்கு பேர் அரியலூரில் என் வாடகை அறையில் கூடி, பகடை உருட்டி விளையாட்டில் அரக்கர்களோடு சண்டை போடுவோம். கதை சொல்வதும் போர்க்களம் வரைவதும் என் வேலை. சார்ட் பேப்பரில் பென்சிலால் கட்டம் போடுவேன். ஒரு கட்டம் என்றால் ஐந்தடி. தன் முறை வரும்போது ஒருவன் ஆறு கட்டம் நகரலாம். நண்பர்களில் ஒருவனுக்குச் சட்டைப் பொத்தான்தான் காய். முறை வந்தால் பொத்தானை விரலுக்கடியில் வைத்துக்கொண்டு யோசிப்பான், யோசிப்பான், அப்படி யோசிப்பான். "நவுந்து தொலடா" என்று கத்துவேன்.

போன மாதம் டீக்கடை முன்னால் ரோட்டைக் கடக்கும்போது அவனைச் சுண்ணாம்புக்கல் லாரி அடித்துவிட்டது. இந்த ரோட்டில் அதெல்லாம் ஒரு செய்தியா? பேப்பரில் இரண்டு வரி வந்தால் பெரிது. கடைக்குள்ளிருந்து பார்த்தவன் நான் மட்டும்தான். ஸ்டேஷனில் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, யார் எங்கே இருந்தார்கள் என்று வரைந்து காட்டச் சொன்னார்கள். பழக்கதோஷத்தில் கை முதலில் கட்டம் போட்டுவிட்டது. பிறகுதான் ரோடு, கடை, லாரி, அவன்.

"கட்டமெல்லாம் எதுக்கு சார்? ரோட்ட மட்டும் போடுங்க" என்றார் ஏட்டு.

நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அவனுக்கும் ரோட்டோரத்துக்கும் நடுவே ஒரே ஒரு கட்டம். முன்னால் ஓடுவதா பின்னால் வருவதா என்று அவன் யோசித்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். என் அறையில், அவன் யோசித்து முடிக்கும்வரை எல்லா அரக்கர்களும் நின்ற இடத்திலேயே நிற்பார்கள்.