முதல் கட்டத்தில் நிறம் எழுதவும்

முதல் வருஷ ஜியாலஜி மாணவனின் தொழில் என்னவென்றால், தினமும் இருபது கல்லைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, அது என்ன கல் என்று தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வது. ஃபிசிக்ஸ் கிடைக்காமல், கெமிஸ்ட்ரி கிடைக்காமல், லிஸ்டில் மிஞ்சியதை வாங்கிக்கொண்டு டெல்லியில் ஜியாலஜி வகுப்புக்கு வந்து சேர்ந்த சக பாவிகளுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. எனக்குக் கூடுதலாக ஒரு சங்கடம் இருந்தது. சிவப்பும் பச்சையும் எனக்குச் சரியாகப் பிரிந்து தெரியாது. அதை யாரிடமும் சொல்லாமல் ஒரு செமஸ்டரை ஓட்டினேன். இப்போது மூன்றாம் வருஷம் முடியப்போகிறது என்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

கல்லுக்கு மெடிக்கல் கிடையாது

நான் முதலில் ஆசைப்பட்டது கப்பல் வேலைக்கு. ப்ளஸ் டூ முடித்ததும் அதற்கான படிப்பில் சேர மெடிக்கல் டெஸ்டுக்குப் போனேன். டாக்டர் ஒரு புத்தகத்தைத் திறந்து காட்டினார். பக்கம் முழுக்க வண்ணப் புள்ளிகள். நடுவில் ஓர் எண் ஒளிந்திருக்குமாம். முதல் பக்கத்தில் பன்னிரண்டு என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவர் எத்தனை பக்கம் புரட்டினாலும் எனக்குப் புள்ளிகள்தான் தெரிந்தன. புத்தகத்தை மூடி, என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அப்பாவை உள்ளே கூப்பிட்டார். பதினேழு வயது வரை எனக்கே இந்த விஷயம் தெரியாது. தக்காளி சிவப்பு, புல் பச்சை என்று மனப்பாடம் செய்தே வளர்ந்திருக்கிறேன்.

அப்பாவுக்கு ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். மத்திய அரசில் கிளார்க்காகச் சேர்ந்து செக்‌ஷன் ஆபீசர் ஆனவர். வீடு ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ். கப்பல் பேச்சை அவர் அன்றைக்கு ஆட்டோவிலேயே முடித்துவிட்டார். பிறகு காலேஜ் லிஸ்ட் வந்தபோது ஒவ்வொரு பாடமாக விரல் வைத்துக்கொண்டே வந்தவர், ஜியாலஜியில் நிறுத்தி, இதற்குக் கண் டெஸ்ட் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தபடி சொன்னார்: “அப்ப இதுலயே சேந்துக்க கண்ணு. கல்லு எங்கீம் ஓடிப் போவாது. நிதானமாப் பாத்துச் சொல்லிக்கலாம்.”

முன்கூட்டியே படித்தவன்

முதல் ப்ராக்டிகல் வகுப்பில்தான் விஷயம் புரிந்தது. மரத் தட்டில் பத்துக் கற்கள், ஒவ்வொன்றிலும் ஓர் எண் ஒட்டியிருந்தது. ரெக்கார்டு நோட்டில் ஒரு கல்லுக்கு எட்டுக் கட்டம் நிரப்ப வேண்டும்: கடினம், பளபளப்பு, உடையும் விதம், எடை என்று வரிசையாக. அதில் முதல் கட்டமே நிறம். கண் டெஸ்ட் இல்லாத படிப்பு என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்தவன், அந்தக் கட்டத்தைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் பேனாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொன்னால் வேறு கோர்ஸுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரித்தால்தான் தெரிந்துவிடுமே.

மூன்றாம் எண் கல் எனக்குச் சாம்பல் கலந்த பச்சையாகத் தெரிந்தது. அப்படியே எழுதினேன். மாத்துர் மேடம் எங்கள் பின்னால் நடந்துகொண்டே ஒவ்வொரு நோட்டாகப் பார்த்தவர், என்னுடையதில் நின்றுவிட்டார். கல்லை எடுத்தார், என் எழுத்தைப் பார்த்தார், மறுபடியும் கல்லைப் பார்த்தார். அது ஆர்த்தோகிளேஸ் என்னும் ஃபெல்ட்ஸ்பார் வகைக் கனிமம். வகுப்பில் எல்லாருக்கும் இளஞ்சிவப்பு. “பச்சையா? அமேசோனைட்னு நினைச்சியா?” என்று கேட்டார். அப்படி ஒரு பெயரை நான் வாழ்க்கையில் கேட்டதில்லை. ஆனால் தலையை ஆட்டினேன். ஃபெல்ட்ஸ்பாரிலேயே பச்சை வகை ஒன்று உண்டு, அதுதான் அமேசோனைட் என்று வீட்டுக்குப் போய்த்தான் தேடிப் படித்தேன். மேடமோ அப்போதே வகுப்பைப் பார்த்துச் சொல்லிவிட்டார்: “பதில் தப்புதான். ஆனா பாருங்க, இந்தப் பையன் நான் இன்னும் நடத்தாததையே படிச்சுட்டு வந்திருக்கான்.”

காய்ந்த புல்

என் மேஜையில் பக்கத்து இடம் சுமித்துக்கு. ஹரியானாவில் ரோத்தக்கிலிருந்து வந்தவன், இங்கிலீஷ் பாடப்புத்தகத்தைத் திறந்தாலே கொட்டாவி விடுவான். நான் அவனுக்குப் பத்தி பத்தியாக ஹிந்தியில் சொல்லித் தருவேன். என்னைப் பற்றி அவனிடமும் மூச்சு விடவில்லை. பூமி வரலாற்றுப் பாடத்தில் ஒரு சார்ட் போடச் சொன்னார்கள். பூமி பிறந்ததிலிருந்து இன்றுவரை காலத்தைக் கோடு போட்டுப் பிரித்து, ஒவ்வொரு காலகட்டத்துக்கும் அதற்கென்று உள்ள நிறம் தீட்ட வேண்டும். க்ரெட்டேஷியஸ், அதாவது டைனோசர்களின் கடைசிக் காலம், பச்சை. அதற்கு ரொம்ப முந்திய டெவோனியன், பழுப்பு. என் பென்சில்களில் அச்சடித்திருந்த நிறப் பெயர்கள் சீவிச் சீவிப் போய்விட்டிருந்தன. ஏதோ ஒரு நம்பிக்கையில் தீட்டி முடித்தேன்.

சுமித் எட்டிப் பார்த்தான். “என்ன பாய், க்ரெட்டேஷியஸ்ல மழையே பெய்யலையா? எல்லாம் காஞ்சு கிடக்கு” என்றான். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. இரண்டு பென்சிலை எடுத்து என் முன்னால் வைத்து, எது பச்சை என்று கேட்டான். இடது பக்கத்தைக் காட்டினேன். “அச்சா” என்று மட்டும் சொல்லிவிட்டு, தன்னுடைய சார்ட்டுக்குத் திரும்பி எழுத ஆரம்பித்தான்.

மறுநாள் ஒரு பென்சில் பெட்டி கொண்டுவந்தான். பன்னிரண்டு பென்சிலிலும் காகிதம் சுற்றி, ஹரா, லால், பூரா என்று நிறத்தின் பெயரை ஹிந்தியில் குண்டு குண்டாக எழுதி ஒட்டியிருந்தது. ரொம்ப அழகான கையெழுத்து, அவனுடையது இல்லை. நான் கேட்பதற்கு முன்னால் அவனே சொன்னான்: “தங்கச்சி எழுதினா பாய். யாருக்குன்னு கேட்டா. எனக்குத்தான்னு சொல்லிட்டேன்.”

நாக்கில் ஒட்டும் கல்

அதற்குப் பிறகு முதல் கட்டத்தைச் சுமித் முணுமுணுப்பான், நான் எழுதுவேன். பரீட்சையில் அவன் பக்கத்தில் இருக்க மாட்டான் என்பதால், மற்ற ஏழு கட்டங்களை வெறி பிடித்த மாதிரி பழகினேன். நகத்தால் கீறினால் கோடு விழுகிறதா, கத்தியால் கீறினால் விழுகிறதா, தொட்டால் சோப்பு மாதிரி வழுக்குகிறதா, உடைந்த இடம் தட்டையா வளைவா. கயோலின் என்ற களிமண் கனிமத்துக்கு ஒரு பழக்கம் உண்டு, ஈர நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். வீட்டில் பழக எல்லாக் கல்லிலும் ஆளுக்கொரு துண்டு கொடுத்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை குவார்ட்டர்ஸ் பார்க்கில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு கல்லாகத் தடவிப் பார்த்து, சந்தேகம் வந்ததை நாக்கிலும் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்தபோது கீழ்வீட்டு ஷர்மா ஆன்ட்டி கறிகாய்ப் பையோடு நின்றுகொண்டிருந்தார். என்னிடம் எதுவும் கேட்காமல் நேராக மாடியேறிப் போய் அம்மாவிடம் தணிந்த குரலில் கேட்டிருக்கிறார்: “பெஹன்ஜி, உங்க வீட்ல எல்லாம் சரியாத்தானே இருக்கு? பையன் கீழே கல்லைத் தின்னுட்டிருக்கான்.”

எல்லாருக்கும் ஒரே வெயில்

நவம்பரில் ரிட்ஜுக்குக் கூட்டிப் போனார்கள். டெல்லியின் முதுகெலும்பு மாதிரி ஓடும் அந்தப் பாறை மேடு முழுக்க முள்மரமும் குரங்கும். அங்கே இருப்பது குவார்ட்ஸைட். ஒரு காலத்தில் தண்ணீருக்கடியில் படிந்த மணல், இறுகி இறுகிப் பாறையானது. பாறையின் மேல் பழைய அலையின் மடிப்பு அப்படியே நிற்கிறது. அதைக் கையால் தடவிப் பார்த்தபோது, வந்த நாளிலிருந்து முதல்முறையாக இந்தப் படிப்பு எனக்கு நிஜமாகவே பிடித்தது. இதை விட்டுப் போகச் சொல்லிவிடக் கூடாதே என்ற பயமும் அதோடு சேர்ந்து அதிகமானது.

மேடம், இரும்புக் கறை படிந்த சிவப்புப் பட்டையிலிருந்து ஆளுக்கொரு துண்டு எடுத்துவரச் சொன்னார். சுமித் குரங்குக்குப் பயந்து பஸ் பக்கம் போயிருந்தான். நான் பாறையைச் சுற்றிச் சுற்றி வந்து, கொஞ்சம் கறுத்துத் தெரிந்த இடத்தில் சுத்தியலால் தட்டி ஒரு துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதில் பாசிதான் படர்ந்திருந்ததாம். மேடம் என்னைத் தனியாக ஓர் ஓரத்துக்குக் கூப்பிட்டு, “கண்ணுல ஏதாவது பிரச்சினையா?” என்று கேட்டார். அதுதான் சொல்லியிருக்க வேண்டிய நேரம். நானோ, வெயில் கண்ணில் அடித்துவிட்டது மேடம் என்றேன். அவர் அந்தக் கல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னார்: “வெயில் இங்க எல்லாருக்கும் ஒரே வெயில்தான் பேட்டா.”

பன்னிரண்டாம் எண் கல்

ப்ராக்டிகல் பரீட்சைக்கு வேறு ஊர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் எக்ஸாமினர் வந்திருந்தார். ஸ்வெட்டருக்கு மேல் கோட்டு, கோட்டுக்கு மேல் மஃப்ளர். பக்கத்தில் மாத்துர் மேடம். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கல்லைக் கொடுத்து வாய்மொழியாகக் கேட்டார். எனக்குப் பன்னிரண்டாம் எண் கல்லைக் கொடுத்து, “நிறம்?” என்றார்.

நீலம் மாதிரி இருந்தது. ஆனால் எனக்கு நீலமாகத் தெரிவது நிஜத்தில் ஊதாவாக இருக்கலாம் என்று அதற்குள் தெரிந்துகொண்டிருந்தேன். ஒன்றைக் குருட்டாம்போக்கில் சொல்லிவிடலாம். சொல்ல வாயெடுத்தபோது மேடம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னவோ, அதற்கு மேல் முடியவில்லை. “சார், எனக்கு நிறம் சரியாத் தெரியாது. எனக்குக் கலர் பிளைண்ட்னெஸ் உண்டு. இத்தனை நாள் யார்கிட்டயும் சொல்லல” என்றேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சரி, தெரிந்ததைச் சொல் என்றார். கத்தியால் கீறினேன், கோடு விழவில்லை. கண்ணாடியில் தேய்த்தேன், கண்ணாடியில் கீறல் விழுந்தது. உடைந்த இடம் பாட்டில் கண்ணாடி மாதிரி வளைந்திருந்தது, தட்டையாகப் பிளந்த முகம் ஒன்றுகூட இல்லை. “குவார்ட்ஸ் சார்” என்றேன்.

அவர் மார்க் ஷீட்டில் ஏதோ எழுதினார். பிறகுதான் விஷயம் தெரிந்தது. அது ஊதா நிறக் குவார்ட்ஸ், நகைக்கடையில் அமெதிஸ்ட் என்பார்களே, அது. எங்கள் தட்டில் செமஸ்டர் முழுக்க இருந்த ஊதாக் கல்லோ ஃப்ளோரைட். கத்தியால் கீறினால் கோடு விழும். ஊதாவைப் பார்த்ததுமே பாதி வகுப்பு கத்தியைத் தொடாமல் ஃப்ளோரைட் என்று சொல்லிவிட்டு வந்திருந்தது, சுமித் உள்பட. மார்க் போட்டு முடித்த எக்ஸாமினர், மாத்துர் மேடம் பக்கம் திரும்பி, மஃப்ளரைச் சரிசெய்தபடி சொன்னார்: “காலையிலேருந்து எல்லாரும் எனக்கு நிறத்தைச் சொன்னாங்க. கல்லைச் சொன்னவங்க கொஞ்சம் பேர்தான். இவன் அதுல ஒருத்தன்.”

வராந்தாவில்

வெளியே வந்தேன். மேடம் பின்னாலேயே வந்தார். கோர்ஸிலிருந்து எடுத்துவிடுவீர்களா என்று நேராகவே கேட்டுவிட்டேன். அப்படி ஒரு விதியே கிடையாது என்றார். அடுத்த வருஷம் கல்லை மெலிதாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது நிறங்கள் நிறைய வரும், அங்கே கஷ்டப்படுவாய், அதற்குக் கூட ஒருவரை உட்கார வைக்கலாம் என்றும் மறைக்காமல் சொன்னார். இவ்வளவுதானா என்று எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை: “ஜூலையிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அந்த முதல் கட்டத்தை உனக்கு விட்டுட்டு மீதி ஏழுக்கு மார்க் போட்டிருப்பேன்.”

அம்மாவுக்குச் சோறு

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது எல்லாவற்றையும், இந்தப் படிப்பு எனக்குப் பிடித்துப்போனதையும் சேர்த்து, ஒன்றுவிடாமல் சொன்னேன். அப்பா, மார்க் எவ்வளவு வரும் என்று மட்டும் கேட்டார். அம்மா கரண்டியைக் குழம்பிலேயே விட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்துவிட்டார். மெடிக்கல் டெஸ்ட் அன்று டாக்டர் அப்பாவிடம் தனியாகச் சொன்னது என்னவென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இந்தக் குறை அம்மா வழியாகத்தான் மகனுக்கு வருமாம். அம்மாவின் அண்ணனுக்கும் இருக்கிறது. ஆறு மாதமாக அம்மா என் படிப்பைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காததை நான் அக்கறையில்லாததாக எடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா தட்டை இழுத்துத் தனக்கும் போட்டுக்கொண்டு சொன்னார்: “நாங் குடுத்ததாலதான் நீ கப்பல விட்டுப்போட்டு வந்தியோன்னு உன் மூஞ்சியவே பாக்க முடியல கண்ணு. இன்னிக்குத்தான் எனக்குச் சோறு எறங்குது.”

நானூற்றைம்பது கோடி வருஷப் பூமியின் கதையை எங்கள் வகுப்பு ஒரே செமஸ்டரில் முடித்துவிட்டது. எனக்கு நிறம் தெரியாது என்ற ஒரு வரியைச் சொல்லி முடிக்க எனக்கும் அதே செமஸ்டர் முழுக்கத் தேவைப்பட்டது.